உள்ளிருந்து நட் இறுக்கியவன்

மத்தியானம் பன்னிரண்டரை. முகத்துவாரத்தில் ஆற்றங்கரையோடு போகிற படகு யார்ட் வீதி... ஒரு நாய்கூட இல்லை.

நான் இப்படித் தொடங்கியதும் மூன்றாம் மாடி நிஹ்லா சிரித்துவிட்டாள். மத்தியானத்தில் என்ன பேய் என்றாள். சற்று முன்தான் அவள், காலிக்குப் போகிற பெருவீதியில் வெள்ளைச் சேலையோடு நின்று திரீவீலரை மறித்த பெண்ணின் கதையைச் சொல்லி முடித்திருந்தாள். அந்தப் பெண்ணை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எல்லா வீதியிலும் நிற்பாள். சேலை ஒருநாளும் அழுக்காகாது. செத்த பிறகும் பூ வைத்து, வாகனம் மறிக்க நேரமிருக்கிற பேய்க்கெல்லாம் நான் பயப்படமாட்டேன்.

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டில் அன்று பின்னேரமே கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் வழக்கம்போலப் பழுது. இருட்டில் மாடி ஏறப் பஞ்சிப்பட்டவர்கள் எல்லாம் கீழ்ப் படிக்கட்டில் நெருங்கிக் குந்தியிருந்தோம். வாசலில் காவலிருக்கிற வோச்சர் தியாகராசா அண்ணை ஒரு போத்தல் மூடியில் மெழுகுதிரி ஒட்டி வைத்திருந்தார். கடற்காற்று அதை அணைக்கப் பார்த்தது. பேச்சு சுற்றிச் சுற்றி ஆறாம் மாடி மிஸ்டரிடம் வந்து நின்றது. மனிதர் கதவையே பூட்டுவதில்லையாம். பூட்டு, கொளுக்கி எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டாராம். குளியலறைக்குக்கூடக் கதவில்லை, வெறும் திரைதானாம்.

"கள்ளனுக்கும் பயமில்ல, பேய்க்கும் பயமில்ல. நல்ல துணிச்சல்தான்," என்றாள் நிஹ்லா.

துணிச்சல்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் சொல்லத் தொடங்கினேன்.

இது என் சிநேகிதி லுத்பியாவின் அண்ணன் தாஸிமுக்கு நடந்தது. தாஸிம் நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். முகத்துவாரத்தில் படகு திருத்துகிற வேலை. பொய் சொல்லத் தெரியாத மனிதர், தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாக வாழ்ந்திருப்பார்.

படகு ஷெல்டனுடையது.

பெயரைக் கேட்டதும் தியாகராசா அண்ணை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

ஷெல்டன் கொட்டாஞ்சேனையில் எங்கள் கோயில் பங்கு ஆள்தான். கடலில் அரை மணித்தியாலம் போனால் வாந்தி எடுப்பான். அப்படிப்பட்டவன் ஒரு பழைய பைபர் படகை வாங்கி, வெள்ளை அடித்து, வெளிநாட்டுக்காரருக்குத் திமிங்கிலம் காட்டப் போகிறேன் என்று கப்டன் தொப்பியோடு கோயிலுக்கு வந்து நின்றான். பாதர் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் படகை மந்திரித்தார்.

படகுக்கு அடியில் ஓட்டை இருப்பது உங்களில் யாருக்காவது தெரியுமா? தெரியாது. வெள்ளைச் சேலைக்காரியைத்தான் தெரியும். எஞ்சினைக் குளிரவைக்கக் கடல்தண்ணீர் உள்ளே வரவேண்டும். அதற்காக நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு துளை போட்டு, அதில் ஒரு குழாய் பூட்டுவார்கள். வெளியே காளான் மாதிரி ஒரு தலை. உள்ளே பெரிய நட், அதற்கு மேல் ஒரு வால்வ். யார்ட்டில் அதைப் பிட்டிங் என்பார்கள். வெண்கலத்தில் இருக்கவேண்டும். பித்தளை உப்புத்தண்ணீருக்கு நிற்காது. வெளியே மினுங்கிக்கொண்டே இருக்கும்... உள்ளே ரோசா நிறமாகி, நனைந்த பிஸ்கட் போல ஆகிவிடும்.

ஷெல்டனுக்கு இதைச் சொன்னார்கள். அவன் புறக்கோட்டைக்குப் போய், குளியலறைக்குப் பூட்டுகிற பித்தளைச் சாமானை வாங்கி வந்தான்.

"தண்ணி தண்ணிதானே மேன். பாத்ரூம்ல வந்தா என்ன, கடல்ல வந்தா என்ன?" என்றானாம்.

தொப்பி மட்டும் விலை உயர்ந்தது.

இந்தப் பிட்டிங்கைப் பூட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவன் வெளியே, படகுக்கு அடியில் குந்தி, அந்தக் காளான் தலை சுழலாமல் இரும்புச் சட்டத்தால் பிடிக்கவேண்டும். மற்றவன் உள்ளே நட்டை இறுக்கவேண்டும். இடையில் தடித்த பைபர். உள்ளே இருப்பவன் எவ்வளவு கத்தினாலும் வெளியே சரியாகக் கேட்காது. அதனால் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால், பிடி. இரண்டு என்றால், இறுக்குகிறேன். மூன்று என்றால், நிறுத்து. அந்தக் கரையில் வேலை செய்த எல்லோருக்கும் இந்தத் தட்டு தெரியும்.

றொஹானுக்கும் தெரியும். அவன்தான் அந்தப் படகில் இரவுக் காவலுக்குப் படுத்தவன். டீசல் களவு போகிறது என்று ஷெல்டனுக்குப் பயம். எடுப்பது றொஹானோ என்றும் ஒரு சந்தேகம். அதனால் இரவில் கபின் கதவை வெளியே பூட்டி, சாவியை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவான். ஒரு மனிதனை டீசலோடு சேர்த்துப் பூட்டி வைப்பது! நாயைக்கூட அப்படி விட்டுவிட்டுப் போக மனம் வராது.

ஒருநாள் இரவு, படகு கட்டுகிற ஜெட்டியில் நிற்கும்போதே, அந்தப் பித்தளை உடைந்தது. விடிந்தபோது படகின் கூரை மட்டும்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. முதலில் அங்கே போனவன் ஷெல்டன். மற்றவர்கள் போய்ச் சேர்ந்தபோது கதவில் பூட்டு இல்லை.

"குடிச்சிட்டு வால்வை மூட மறந்திட்டான்," என்று பொலீஸில் சொன்னான். பங்கில் சொன்னான். செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டும் சொன்னான். இரத்தத்தைப் பரிசோதித்த முடிவு இழுபட்டுக்கொண்டு கிடந்தது. ஊருக்கு அந்த முடிவு தேவைப்படவும் இல்லை.

றொஹானின் மனைவி இரண்டே விஷயம் சொன்னாள். அவன் குடிப்பதில்லை. கதவு வெளியே பூட்டியிருந்தது. பொலீஸ்காரன் "பூட்டு எங்கே?" என்று கேட்டான். அவளிடம் பூட்டு இல்லை. அதோடு அவளும் பொய்க்காரி ஆனாள். கோயிலில் அவள் முழங்காலில் இருந்தால், குடிகாரன்ட மனிசி என்று பின்வாங்கில் குசுகுசுப்பார்கள். ஜெபமாலையை உருட்டிக்கொண்டே குசுகுசுப்பார்கள். செத்தவன் திரும்பி வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியாதா? அவன் பெயராவது சுத்தமாகத் திரும்பி வரவேண்டும் என்றுதான் கேட்டாள்.

உடலை எடுக்க இறங்கிய சுழியோடி ஒருவன் மட்டும் அவளிடம் இரகசியமாக ஒன்று சொன்னான். றொஹானை வெளியே எடுத்தபோது அவனுடைய வலது உள்ளங்கை அந்த ஓட்டையை அடைத்தபடி இருந்ததாம். பக்கத்துப் படகில் படுத்தவர்கள் தட்டுகிற சத்தத்தையும் கேட்டிருக்கிறார்கள். மூன்று... பிறகு மூன்று... பிறகும் மூன்று. படகு ஜெட்டியில இடிபடுது என்று சொல்லித் திரும்பிப் படுத்தார்களாம். நல்ல நித்திரை.

பிறகு படகைத் தூக்கி யார்ட்டில் கட்டைகளின் மேல் நிறுத்தினார்கள். சனிக்கிழமை பரிசோதகர் வருவதாக இருந்தது. அந்தப் பித்தளை அவர் கண்ணில் பட்டால் ஷெல்டனின் கதை முடிந்தது. ஆகவே முதல் நாளே அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வெண்கலம் பூட்ட நினைத்தான்.

முதல் நாள் பெரிய வெள்ளி. எங்கள் வீடுகளில் அன்று ஆணி அடிக்கமாட்டோம், சுத்தியலைத் தொடவும் மாட்டோம். கோயிலில் மணிகூட அடிக்காது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். ஷெல்டனுக்கு அதுதான் வசதி. கத்தோலிக்கர் ஒருவரும் யார்ட்டுக்கு வரமாட்டார்கள். முஸ்லிம்கள் ஜும்மாவுக்குப் போய்விடுவார்கள். பார்க்க ஆளில்லை. தன்னைப் பெரிய மூளைக்காரன் என்று நினைத்திருப்பான். உதவிக்குக் கூப்பிட்டது தாஸிம் நானாவை. ஊரிலுள்ள முஸ்லிம்கள் எல்லாம் பள்ளிக்குப் போவார்கள் என்று திட்டம் போட்டவனுக்கு, தாஸிம் நானாவும் போவார் என்று படவில்லை. கூலிக்கு வந்த ஆளுக்கும் தொழுகை உண்டென்று அவனைப் போன்றவர்கள் நினைப்பதில்லை.

காலையில் தாஸிம் நானா உள்ளே இறங்கி ரென்ச்சைப் போட்டார். பழைய பிட்டிங் இரண்டாக உடைந்து கையோடு வந்தது. உடைந்த இடம் ரோசா நிறம்.

"மிஸ்டர், இது பாத்ரூம் சாமான்தானே?"

"நீங்க உங்கட வேலையப் பாருங்க நானா."

ஷெல்டன் இரண்டு துண்டையும் வாங்கி, ஆற்றுக்குள் எட்ட எறிந்தான். தாஸிம் நானா துளையைச் சுத்தமாக்கினார். பன்னிரண்டு ஆனதும் கையைக் கழுவிக்கொண்டு தொப்பியை எடுத்தார். ஷெல்டன் படகுக்கு அடியில் யாருடனோ போனில் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டா போகவேண்டும்? நானா கபின் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, ஏணியால் இறங்கிப் போய்விட்டார்.

பன்னிரண்டரை. வீதியில் யாருமில்லை. வெயில்... பெயின்ற் மணம், செத்த மீன் மணம்.

ஷெல்டன் ஒரு மணி வரை பேசிவிட்டுத்தான் போனைப் பைக்குள் வைத்தான். புதுப் பிட்டிங்குக்குப் பசை பூசி, அடியிலிருந்து துளைக்குள் தள்ளினான். உள்ளேயிருந்து ஒரு கை அதை வாங்கியது.

விரல் நுனிகள் அவன் விரலில் பட்டன. குளிர்ந்து... ஊறி... தோல் சுருங்கி.

"என்ன நானா, கை ஐஸ் மாதிரி?"



டொக். ஒரு தட்டு. ஷெல்டன் சட்டத்தைப் போட்டுப் பிடித்தான்.

டொக்... டொக். நட் சுற்றத் தொடங்கியது. கிறீச்... கிறீச்... ரென்ச் கழன்று மாட்டுகிற சத்தமே இல்லை. ஒரே சீராக, கையால் சுற்றுகிற மாதிரி.

வாய் சும்மா இருக்குமா அவனுக்கு. துளைக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான்: "பாத்தீங்களா நானா, ஒரு குடிகாரன் செத்து எனக்கு எவ்வளவு வேலை. அவன் வாளித் தண்ணில விழுந்தாலும் செத்திருப்பான்."

கிறீச் நின்றது.

பிறகு மறுபடி சுற்றியது. இந்த முறை பலமாக. பைபர் முறுகியது. சட்டம் அவன் பிடியை மீறித் திரும்பி, அவனுடைய விரல்களைப் படகோடு சேர்த்து நசித்தது. ஷெல்டன் மற்றக் கையால் தட்டினான். மூன்று தட்டு. நிற்கவில்லை. மறுபடி மூன்று. நிற்கவில்லை. குழறினான்... மூன்று, மூன்று, மூன்று. உள்ளே இருந்தவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அப்போதுதான் யாரோ அவன் தோளில் கை வைத்தார்கள். வெள்ளைத் தொப்பி. அத்தர் மணம். கையில் ஒரு பையில் கட்டி வாங்கிய, பால் விடாத பிளேன்டீ.

"என்ன மிஸ்டர், நான் வர முந்தித் தனியச் செய்றீங்களா?" என்றார் தாஸிம் நானா.

அவர் வெளியே நிற்கிறார். உள்ளே நட் சுற்றிக்கொண்டிருக்கிறது. கிறீச்... கிறீச்...

இரண்டு பேரும் அந்தக் காளான் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். பிறகு அதுவாகவே நின்றது. நானா சட்டத்தைத் தூக்கி ஷெல்டனின் விரல்களை விடுவித்தார்.

"மிஸ்டர்... உள்ளுக்கு யாரு ஈக்கிற?"

நானாதான் முன்னால் ஏணி ஏறினார். ஷெல்டன் பின்னால். முன்னால் போகிற பழக்கம் அவனுக்கு ஒருமுறைதான் வந்தது, பூட்டை ஒளிக்கப் போன அன்று. திறந்து விட்ட கதவு மூடியிருந்தது. அதில் ஒரு பூட்டுத் தொங்கியது. கறள் பிடித்த பெரிய பூட்டு. அதைச் சுற்றி ஆற்றுச் சேறு, பாசி. அந்த வெயிலில் அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. டீசல் மணந்தது.

"நான் தொறந்து வெச்சிட்டுத்தானே போன?"

ஷெல்டனின் கை தானாகக் கால்சட்டைப் பைக்குள் போனது. பழக்கதோஷம். கார்ச் சாவிக் கொத்தோடு ஒரு சின்னச் சாவி வெளியே வந்தது. பூட்டை ஆற்றில் எறிந்தவன் சாவியை மறந்திருந்தான்! இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் கப்டன் வேலை.

"பூட்டே இல்லெண்டு பொலீஸில சென்னீங்களே, மிஸ்டர். அப்ப இது என்ன சாவி?"

உள்ளேயிருந்து தட்டினார்கள். டொக். டொக். டொக்.

"தொறங்க மிஸ்டர். ஆள் ஈக்கிது."

அவன் திறக்கவில்லை.

"அல்லாஹ்வுக்காக, சாவியையாவது தாங்க."

கொடுக்கவும் இல்லை. ஏணியில் பாதி இறங்கி, மீதியை விழுந்து, காரை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். தொப்பி சேற்றில் கிடந்தது. நானா பூட்டை இழுத்துப் பார்த்தார், கதவைத் தள்ளிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. கதவில் காதை வைத்தார். உள்ளே தண்ணீர் ஏறுகிற சத்தம்... போத்தல் நிறைவதுபோல, வரவர மெல்லியதாகி. தட்டும் மெலிந்துகொண்டு போனது. மூன்று... மூன்று... இரண்டு. பிறகு இல்லை. கீழே குனிந்து பார்த்தார். படகு தரையில்தான் நின்றது. அடியில் ஒரு சொட்டு ஈரமில்லை.

சனிக்கிழமை பரிசோதகர் வந்தார், பொலீஸும் வந்தது. நானா தெரிந்ததை எல்லாம் சொன்னார், சாவியையும் சொன்னார். நானா பேயைப் பற்றிச் சொன்னதையும், பிறகு பிடிபட்டபோது ஷெல்டன் அந்தக் கையைப் பற்றி உளறியதையும் மட்டும் அவர்கள் எழுதவில்லை. பூட்டை வெட்டிக் கதவைத் திறந்தார்கள். உள்ளே தூசு. காய்ந்துபோய்க் கிடந்தது. றொஹான் படுத்த பாய் விரித்திருந்தது. அதன் மேல் அந்தப் புது வெண்கலப் பிட்டிங், பசையெல்லாம் துடைத்து, சுத்தமாக வைத்திருந்தது.

துளையில் இருந்தது பழைய பித்தளை. ஷெல்டன் ஆற்றில் எறிந்தது. இரண்டு துண்டும் உடைந்தபடியே ஒன்றோடொன்று பொருந்தி, இறுக்கிப் பூட்டியிருந்தது. பரிசோதகர் திருப்புளியால் மெதுவாகத் தொட்டார். ரோசாத் தூளாகக் கொட்டியது. நட்டில் ரென்ச்சின் பல் பட்ட அடையாளம் ஒன்றுகூட இல்லையாம். ஒரு பெருவிரல் அழுந்திய பள்ளம் மட்டும் இருந்ததாம்.

நான் நிறுத்தினேன். மெழுகுதிரி பாதியாகியிருந்தது. மத்தியானப் பேய்க்குச் சிரித்த நிஹ்லா கால்களை மேலே இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மனிசிக்கு என்ன நடந்தது, அக்கா?"

"என்ன நடக்கும்? குடிகாரன்ட மனிசி எண்டு சொன்ன வாயெல்லாம் இப்ப பாவம் றொஹான் எண்டு சொல்லுது. ஷெல்டன் பிணையில வெளிய. வழக்கு தவணை தவணையாப் போகுது. பூட்டு கோர்ட்டில சாட்சிப் பொருளாக் கிடக்குது. அவளுக்கு ஒரு வேலை கிடைச்சுது. அஞ்சாம் மாடியில வயசான டீச்சரைப் பாத்துக்கொள்ற வேலை."

"எந்த அஞ்சாம் மாடி?"

"இந்த அஞ்சாம் மாடி. றொஹான்ட மனிசி நான்தான்."

நானே மிச்சத்தையும் சொன்னேன். ஷெல்டன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தேடிப் பிடித்துத்தான் அந்த வேலைக்கு வந்தேன். எனக்கு நேர் மேலே, ஆறாம் மாடியில், கதவெல்லாம் திறந்து போட்டுவிட்டு அவன் நித்திரையில்லாமல் நடப்பான். அந்தக் கால்சத்தம் கேட்டால்தான் எனக்கு நித்திரை வரும். துணிச்சலாம்!

தியாகராசா அண்ணை தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி... பூட்டு கோர்ட்டில எண்டா சொன்னீங்க?"

"ஓம்."

"வெள்ளிக்கிழமையில அந்த மிஸ்டர் உள்ளுக்கிருந்து தட்டுவார். போய்ப் பாத்தா வெளியால ஒரு பூட்டு. கதவில கொளுக்கியே இல்ல, ஆனா பூட்டிக் கிடக்கும். நான்தான் வாள் கொண்டுபோய் அறுக்கிறது. அறுத்துக் குப்பையில போடுவன்." அவருடைய குரல் இறங்கிவிட்டது. "அடுத்த வெள்ளிக்கும் அதே பூட்டுத்தான், தங்கச்சி. என்ட வாள் அறுத்த தழும்பு அப்பிடியே இருக்கும். புதுசா ஒட்டின மாதிரி."

நிஹ்லா போனை எடுத்துக் கிழமையைப் பார்த்தாள். எனக்குப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. வெள்ளி என்பதால்தான் நான் காலையிலேயே கோயிலுக்குப் போய் வந்திருந்தேன்.

மேலே, எங்கோ உயரத்தில்... டொக். டொக். டொக்.

தியாகராசா அண்ணை எழும்பி வாளைத் தேடினார். மறுபடி மூன்று கேட்டது. பிறகும் மூன்று. நான் அவருடைய கையைப் பிடித்து இருத்தினேன்.

"இருங்க அண்ணை," என்றேன். "படகு ஜெட்டியில இடிபடுது."

அவர் இருந்தார். தட்டு மெலிந்துகொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் மேல் மாடியிலிருந்து படி படியாகத் தண்ணீர் இறங்கி வந்து மெழுகுதிரியை அணைத்தது. டீசல் மணந்தது. மற்றவர்கள் எல்லோரும் எழும்பி வீதிக்கு ஓடினார்கள். செருப்பு நனைந்தது, ஆனாலும் நான் காலை எடுக்கவில்லை.